பேனா மாறாத ரொக்கப் புத்தகம்: வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர்களுக்கு (கிராம ஊராட்சிகள்),

வணக்கம். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். எங்களைப் போன்றவர்கள் வரப்போகிறோம் என்ற தகவல் ஒன்றிய அலுவலகத்துக்குக் கிடைத்ததும் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஊராட்சிச் செயலர்கள் அத்தனை பேரும் மூட்டையோடு வரவழைக்கப்படுவார்கள். கூட்ட அறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். இரவுக்குப் பரோட்டா பொட்டலம் வரும். விடிவதற்குள் ஓராண்டு ரொக்கப் புத்தகம் எழுதி முடிந்திருக்கும். காலையில் நாங்கள் வந்து திறந்தால், ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மார்ச் முப்பத்தொன்று வரை ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஓர் அடித்தல் திருத்தம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் மை தீராத அந்தப் பேனா எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

இதற்குத்தான் உங்கள் அலுவலகங்களில் ‘தணிக்கைக்குத் தயாராவது’ என்று பெயர். தயவுசெய்து இந்த முறை அப்படித் தயாராகாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஊரும் ஒன்றியமும் வேண்டாம். ஓர் ஊராட்சியின் 2017-18 கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது பார்த்த வகையில் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு பில். தேதி 2017 ஏப்ரல். பில்லின் தலைப்பில், கடைப் பெயருக்குக் கீழே, ஜிஎஸ்டி எண் அழகாக அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1ஆம் தேதி. ஏப்ரல் மாதத்து மோட்டார்க் கடைக்காரருக்கு ஜூலை மாதத்து வரி எப்படித் தெரிந்தது?

செயலரைக் கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் ஊருக்கே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் நின்ற பெண்கள் அந்தக் கோடையில் பதினொரு நாள் தண்ணீர் வராததையும், மோட்டாரைத் தூக்கிப் பழுது பார்த்த நாளையும், யார் வந்து பார்த்தார் என்பதையும் சொன்னார்கள். ஆக, செலவு உண்மை. மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கைச் செயலர் தொலைத்துவிட்டிருக்கிறார். தணிக்கை வரும் என்றதும் கடைக்காரரிடம் போய்ப் பழைய தேதியில் புது பில் வாங்கிக் கோத்துவிட்டார். ஒரு நாணயமான செலவு பொய்ச் செலவாக மாறிய இடம் அந்த பில்தான். சீட்டு தொலைந்துவிட்டது என்று உள்ளபடியே எழுதியிருந்தால் வங்கிக் கணக்கையும் இருப்புப் பதிவேட்டையும் அந்தப் பெண்களின் சொல்லையும் வைத்து நானே முடித்துக் கொடுத்திருப்பேன். போலிச் சீட்டைக் கண்ட பிறகு என் கையில் எதுவும் இல்லை. தணிக்கைத் தடை எழுதினேன்; அதாவது, இந்தச் செலவை ஏற்க முடியாது என்ற ஆட்சேபம்.

அப்போதும் தனி அலுவலர் காலம்தான், அதாவது மன்றம் இல்லாததால் அதன் பொறுப்பை அரசு அலுவலர் ஒருவர் பார்த்த காலம். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லாமல் ஓடிய மூன்று ஆண்டுகள். அந்த பில்லில் கையெழுத்திட்ட தனி அலுவலர், தடை எழுதப்பட்ட நேரத்தில் மாறுதலாகி வேறு மாவட்டத்தில் இருந்தார். பதில் சொல்ல மிஞ்சியவர் செயலர் ஒருவர்தான்.

இப்போது நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களின் கையெழுத்து உங்கள் கைக்கு வந்தது. தலைவர் செய்ததைச் சரிபார்க்க வேண்டியவராக நேற்றுவரை இருந்தீர்கள். தனி அலுவலராக நீங்களே செலவுக்கு ஒப்புதல் தந்து, வட்டார வளர்ச்சி அலுவலராக நீங்களே அதைச் சரிபார்த்து, தணிக்கைக்கும் நீங்களே பதில் எழுதும் நிலை வந்திருக்கிறது. உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. இடையில் நின்று கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதுதான் கவலை. ஒரு வார்டு உறுப்பினர் எழுந்து “அந்தத் தெருவில் விளக்கே போடவில்லையே” என்று கத்துவாரே, அதுகூட ஒருவகைத் தணிக்கைதான். அந்தச் சத்தமும் இப்போது இல்லை.

மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்துக்கு வருகிறேன். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு என்.கே. சிங் தலைமையிலான அந்தக் குழு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய். மாட்டைக் கொடுத்தபோதே மூக்கணாங்கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது வாசற்படி நிபந்தனை. முதல் இரண்டு ஆண்டுகள் மாநிலத்தில் கால்பங்கு உள்ளாட்சிகள் இதைச் செய்தால் போதும் என்று சலுகை தந்தார்கள். 2023-24 முதல் அந்தச் சலுகை போய்விட்டது. எந்த ஊராட்சியின் கணக்கு ஏறியிருக்கிறதோ அந்த ஊராட்சிக்குத்தான் பணம். ஓர் ஊரில் ரொக்கப் புத்தகம் முடிக்கப்படாமல் கிடந்தால் அந்த ஊரின் குடிநீர்க் குழாய்க்கு வரவேண்டிய தொகை வராது. மானியக் கணக்கின் தணிக்கையை அலுவலக விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. அது உங்கள் கையில் இல்லை. ஆனால் மன்றங்கள் இருந்த காலத்தில் வந்து செலவான பணத்தின் கணக்கு உங்கள் பீரோவில்தான் இருக்கிறது.

இந்த மானியத்தில் தடைகள் அதிகம் விழும் இடம் எது என்று கேட்டால், திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். தலைப்பு மாறிய செலவு என்பேன். இந்த ஐந்து ஆண்டுகளுக்கான தொகையில் நூற்றுக்கு அறுபது கட்டுண்ட மானியம், குறித்த வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டியது. அதில் பாதி துப்புரவுக்கும் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற நிலையைப் பேணுவதற்கும். மறுபாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி நாற்பதுதான் ஊரின் தேவைக்கேற்பச் செலவிடக்கூடியது. அதிலும் சம்பளமோ நிர்வாகச் செலவோ போடக்கூடாது. பத்து லட்சம் வந்தால் மூன்று, மூன்று, நான்கு. கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் திருவிழாவுக்கு முன் தெருவிளக்கு எரிய வேண்டும் என்று ஊர் நெருக்கும். நாற்பதில் பணம் தீர்ந்திருக்கும், துப்புரவுத் தலைப்பில் இருப்பு இருக்கும். தலைவர் எடுத்துப் போட்டுவிடுவார். விளக்கு எரியும், ஊர் கைதட்டும். இரண்டு ஆண்டு கழித்து நாங்கள் வருவோம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. துப்புரவு, குடிநீர் என்ற இரண்டில் ஒன்றின் தேவை ஓர் ஊரில் முழுவதும் நிறைவேறிவிட்டது என்றால் அந்தப் பங்கை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாம். அதற்குக் கிராம சபை சான்று தர வேண்டும், மேற்பார்வை அதிகாரி உறுதி செய்ய வேண்டும். தெருவிளக்குக்கு இது உதவாது என்றாலும், துப்புரவுப் பணத்தில் குழாய் போட்ட எத்தனையோ ஊராட்சிகளுக்கு உதவியிருக்கும். நான் பார்த்த கோப்புகளில் செலவு மாறியிருக்கும், சான்று இருக்காது. கேட்டால் “தீர்மானம் போட்டுவிடலாம் சார்” என்பார்கள். முடிந்துபோன கிராம சபையில் இனிமேல் எப்படித் தீர்மானம் போடுவது? தீர்மானப் புத்தகத்தில் நடுவே இரண்டு பக்கம் வெள்ளையாக விட்டு வைத்திருப்பதன் ரகசியம் அப்போது விளங்கும்.

தீர்மானப் புத்தகம் என்றதும் இன்னொன்று. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வர வேண்டும். வருகைப் பதிவில் சரியாக நூற்றிரண்டு கையெழுத்து இருக்கும். அதில் நாற்பது பெயர்கள் நூறு நாள் வேலை வருகைப் பட்டியலின் வரிசையிலேயே, அதே எழுத்துப் பிழைகளோடு இருக்கும். தணிக்கையாளர் கண்ணில் இது படாது என்று நினைக்கிறீர்கள். படும். நாள் முழுக்கக் கையெழுத்துகளையே பார்த்துப் பிழைத்தவர்கள் நாங்கள்.

பயிற்சி வகுப்புகளில் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாத அதிகாரி கிடையாது. முதலாம் பராந்தகச் சோழன் காலம், குடவோலை முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் என்று மேடையில் பெருமை பொங்கும். அதே கல்வெட்டில், வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவனுடைய உறவுக்காரர்கள் பெயரையும் இடக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அந்த வரியைப் பயிற்சியில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. எண்போட்டுச் சுற்றறிக்கை மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. அப்படிப்பட்ட சுற்றறிக்கைகளே ஒரு பீரோ நிறைய உங்களிடம் இருக்கும்.

முதல் வேலை, முன்னாள் தலைவர்களைக் கூப்பிடுவது. பதவி முடிந்த அன்று பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அதில் ரொக்கப் புத்தகம் ஒன்று, காசோலைப் புத்தகம் ஒன்று என்று இருக்கும். எந்தப் பணி பாதியில் நின்றது, எந்த ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் செலவுக்குச் சீட்டு இல்லை என்பது அதில் இருக்காது. அது தலைவரின் நினைவில் இருக்கிறது. நினைவு ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஒரு மாலை நேரம் அவர்களை உட்காரவைத்துச் செயலரோடு சேர்ந்து பணி வாரியாகக் கேட்டு எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். தேதி அன்றையதாக இருக்கட்டும். நடந்ததற்குப் பிந்தைய விளக்கம் என்று தெளிவாகத் தெரியும் ஒரு தாளை எந்தத் தணிக்கையாளரும் குறை சொல்ல மாட்டார். அவர்கள் காலத்துச் செலவு குறித்து நாளை தடை வந்தால் அவர்களுக்கும் பதில் சொல்ல உரிமை உண்டு. அவர்கள் அறியாமலே, இழப்பை அவர்களிடமே வசூலிக்கும் தண்டத் தொகை வரை போய் நிற்கும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வங்கி. மானியத்துக்கான வங்கிக் கணக்கு இருப்பும் ரொக்கப் புத்தக இருப்பும் ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, ஒத்துப்போகாத தொகைக்குக் காரணம் எழுதி வைத்தால் பாதித் தணிக்கை முடிந்தது. அதற்கு ஒரு செயலருக்கு அரை நாள் போதும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்க்க உட்கார்ந்தால் ஒரு வாரம் போதாது. வங்கி போட்ட வட்டியை வரவில் காட்டாமல் விடுவதுதான் மிகச் சாதாரணமான பிழை. யாரும் அதைத் திருடுவதில்லை, மறந்துவிடுகிறார்கள். ஆனால் மறந்த வட்டி தணிக்கை அறிக்கையில் ‘கணக்கில் கொண்டுவரப்படாத வரவு’ என்று எழுதப்படும்போது அதைப் படிக்கும் செய்தியாளருக்கு வேறு வாசனை அடிக்கும்.

மூன்றாவது, அந்த டிஜிட்டல் கையொப்பச் சாவி. ஊராட்சிக் கணக்குகளுக்கான இகிராம்ஸ்வராஜ் இணையதளம் வந்ததிலிருந்து காசோலை போய், பென்டிரைவ் மாதிரி ஒரு சாவி வந்திருக்கிறது. பணம் கேட்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று இரண்டு சாவி வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு சாவியும் ஒரே கணினி இயக்குபவரின் இழுப்பறையில், கடவுச்சொல் எழுதிய தாள் ஒட்டப்பட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்பு வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தலைவர்களைத் திட்டினோம். நாற்பது ஐம்பது ஊராட்சிகளின் சாவி உங்கள் பெயரில் இருக்கும்போது ஒவ்வொன்றையும் நீங்களே செருகி அழுத்துவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்குத்தான் உங்களை நியமித்திருக்கிறார்கள். உங்கள் சாவியில் போன பணம் நீங்கள் அனுப்பிய பணம். எனக்குத் தெரியாது என்ற பதில் செல்லாது.

பணிக் கோப்புகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, அளவுப் புத்தகம், புகைப்படம், பட்டியல் தொகை. இந்த வரிசையில் தேதிகள் ஏறுமுகமாக இருக்க வேண்டும். பணி ஆணைக்கு முந்தைய தேதியில் அளவு எடுத்திருந்தால், அல்லது சிமெண்டுச் சாலை போட்ட மறுநாளே இறுதிப் பட்டியல் தொகை போயிருந்தால், நாங்கள் வேறெதையும் பார்க்காமல் அதில்தான் உட்காருவோம். ஒரே தெருவின் வடிகாலை மூன்று துண்டாக்கி மூன்று பணியாகக் காட்டி ஒப்பந்தப்புள்ளி விதியைத் தாண்டுவது பழைய வித்தை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்த நாளிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதாக நான் கேட்பது இது. தாள் இல்லாத இடத்தில் ‘தாள் இல்லை’ என்று எழுதுங்கள். தணிக்கை தொடங்குவதற்கு முன்பே, ஊராட்சி வாரியாக, கிடைக்காத செலவுச் சீட்டுகளின் பட்டியலை உங்கள் கையெழுத்தோடு தயாரித்துத் தணிக்கையாளர் கையில் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுதுங்கள்: வங்கிப் பரிமாற்றம், இருப்புப் பதிவேடு, ஊரில் இன்றும் நிற்கும் தொட்டி, குழாய், விளக்கு. இப்படி ஒரு பட்டியலை என் பணிக்காலத்தில் ஒரே ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தந்தார். அவருடைய ஒன்றியத்தில்தான் தடைகள் மிக அதிகமாக எழுதினேன். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பாலானவை முடித்துவைக்கப்பட்டன. பாய் விரித்துப் பரோட்டா சாப்பிட்ட ஒன்றியங்களில் தடைகள் குறைவு, ஆனால் அவை பத்து ஆண்டாகியும் நகரவில்லை. தொலைந்த சீட்டுக்கு விளக்கம் உண்டு; செய்த சீட்டுக்கு என்ன விளக்கம் தருவது?

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கப்போவதில்லை. ஆண்டு முழுவதும் வராமல் இலக்கு முடிக்கும் அவசரத்தில் ஒரே வாரத்தில் பத்து ஊராட்சியைப் பார்த்துவிட்டுப் போவோம். நூறு ரூபாய் வவுச்சரில் ஒரு கையெழுத்து இல்லை என்று தடை எழுதிவிட்டு, லட்ச ரூபாய்க் குழாய் மண்ணுக்குள் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க மாட்டோம். நீங்கள் அனுப்பிய பதில் எங்கள் மேசையில் ஆறு மாதம் தூங்கும். 2020இல் ஆடிட்ஆன்லைன் என்ற தணிக்கை இணையதளம் வந்த பிறகு கேள்வியும் பதிலும் எந்தத் தேதியில் யாரிடம் நிற்கிறது என்பது திரையிலேயே தெரிகிறது. எங்கள் தாமதத்தையும் அதை வைத்தே எழுத்தில் கேளுங்கள். பயப்பட வேண்டாம்.

கடைசியாக, செயலர்களைப் பற்றி. வீட்டு வரி இணையதளம், இகிராம்ஸ்வராஜ், நூறு நாள் வேலை, குடிநீர் இணைப்பு விவரம், வீடு கட்டும் திட்டத்தின் புகைப்படம் என்று ஒரு மனிதர் ஐந்தாறு திரைகளுக்கு நடுவே மோட்டார் பழுதுக்கும் ஓட வேண்டியிருக்கிறது. மாதத்தில் ஒரு நாளைக் கணக்கு நாளாக அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். அன்று கூட்டம் வைக்காதீர்கள், புள்ளிவிவரம் கேட்டுத் தொலைபேசி அடிக்காதீர்கள். ரொக்கப் புத்தகத்தை எழுதி முடிக்கட்டும், அடித்தல் திருத்தம் இருந்தால் சுருக்கொப்பமிடட்டும். மாலையில் நீங்கள் ஒரு பத்து ஊராட்சிப் புத்தகத்தையாவது புரட்டிப் பாருங்கள். நீங்கள் ஒப்புதல் தந்து அவர் செய்த செலவுக்கு உங்கள் கையெழுத்துள்ள நகல் ஒன்று அவரிடமும் இருக்கட்டும். உங்களுக்கு மாறுதல் வரும். அவர் அங்கேயேதான் இருப்பார்.

அந்த எட்டாயிரத்துச் சொச்ச ரூபாய்த் தடை, நான் ஓய்வு பெற்ற மாதத்து நிலுவைப் பட்டியலிலும் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சித் தணிக்கையாளர் ஒருவர்